ஸ்பானிஷ் இறந்தகாலம்: தூவெ, பூஸெ, ஈஸெ எல்லாம் எப்படி மனதில் நிற்க வைத்தீர்கள்?

இன்வாய்ஸ்காரி (சென்னை) | ஞாயிறு, இரவு 9:12

எல்லோருக்கும் வணக்கம். தரமணியில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். ஸ்பெயின், கொலம்பியா, மெக்சிகோ பக்கத்து நிறுவனங்களின் பில்களைச் சரிபார்ப்பதுதான் வேலை. பதினாலு மாதமாக ஸ்பானிஷ் படிக்கிறேன். அடுத்த சுற்றில் டெலே ஏ2 என்ற ஸ்பானிஷ் தேர்வை எழுத நினைத்திருக்கிறேன்.

போன மாதம் நடந்ததை முதலில் சொல்கிறேன். வாடிக்கையாளர் பணம் கட்டிவிட்டார் என்று ஃபோனில் சொல்ல வேண்டும். அதற்கு "பகோ" என்று சொல்ல வேண்டும், அழுத்தம் கடைசியில். நான் "பாகொ" என்று சொல்லிவிட்டேன். அதற்கு அர்த்தம் "நான் கட்டுகிறேன்". எதிர்முனையில் இருந்த அம்மா "எந்தத் தேதியில் கட்டுவீர்கள்?" என்று கேட்டுக் குறித்தும் கொண்டார். அதைச் சரிசெய்ய அன்று சாயங்காலம் வரை ஆனது.

அன்றைக்கே முடிவு செய்தேன், இறந்தகாலம் என்றால் அழுத்தம் கடைசியில். அப்லே (பேசினேன்), அப்லோ (பேசினார்), கொமீ (சாப்பிட்டேன்), கொமியோ (சாப்பிட்டார்), பகே, பகோ. இரண்டு வாரம் அதையே சொல்லிச் சொல்லிப் பழகினேன். அப்புறம் புத்தகத்தில் அடுத்த பாடத்தைத் திறந்தால் தெனேர் (வைத்திருத்தல்) என்ற வினைக்கு தூவெ, தூவொ. அழுத்தம் முன்னால் போய்விட்டது! பொனேர் (வைத்தல்) என்றால் பூஸெ, அஸேர் (செய்தல்) என்றால் ஈஸெ, தெஸீர் (சொல்லுதல்) என்றால் தீஹெ. மூல வினையின் முகமே தெரியவில்லை. பாடப்புத்தகம் பதினேழு வினைகளைக் கட்டம் போட்டுக் கொடுத்து "மனப்பாடம் செய்க" என்று விட்டுவிட்டது. கட்டத்தைப் பார்த்தால் தெரிகிறது, பேசும்போது வாயில் "தெனீ", "பொனியோ" என்றுதான் வருகிறது.

நீங்கள் எப்படிப் படித்தீர்கள்? எழுத்துக்கு ஒரு வேண்டுகோள்: எல்லோரும் தமிழிலேயே எழுதுவோம். அழுத்தம் விழும் இடத்தை நெடிலாகவும் மற்றதைக் குறிலாகவும் போடுங்கள். எனக்கு அதுதான் காதில் விழுகிறது.

---

வலென்சியாவில் ஒருவன் | ஞாயிறு, இரவு 10:40

பாகொ, பகோ குழப்பம் நம் ஆட்கள் எல்லோருக்கும் வரும். தமிழில் அழுத்தத்தை மாற்றினால் பொருள் மாறாது, நீளத்தை மாற்றினால்தான் மாறும். கல் வேறு, கால் வேறு. ஸ்பானிஷில் நீளத்துக்கு மதிப்பில்லை, அழுத்தத்துக்குத்தான் மதிப்பு. அதனால் நெடில் போட்டு எழுதுவது நல்ல யோசனைதான், ஆனால் வாயில் அவ்வளவு இழுக்காதீர்கள். குரலைக் கொஞ்சம் தூக்கினால் போதும்.

இப்போது உங்கள் கேள்வி. நான் இங்கே வந்து ஏழு வருடம் ஆகிறது. முதல் வருடம் நானும் கட்டத்தோடுதான் மல்லுக்கட்டினேன். அந்தப் பதினேழும் பதினேழு தனித்தனி வினைகள் இல்லை, ஒரே கூட்டுக் குடும்பம் என்று ஒருநாள் புரிந்தது. விகுதிகள் எல்லாவற்றுக்கும் ஒன்றே:

-எ, -ஈஸ்தெ, -ஒ, -ஈமொஸ், -ஈஸ்தெய்ஸ், -இயேரொன்.

முன்னால் வரும் துண்டு மட்டும் மாறும். அதுவும் மூன்று கிளைதான்.

"ஊ" கிளை பெரியது. தெனேர் – தூவெ, எஸ்தார் – எஸ்தூவெ, அந்தார் – அந்தூவெ, பொதேர் – பூதெ, பொனேர் – பூஸெ, ஸவேர் – ஸூப்பெ, கவேர் – கூப்பெ, அவேர் – ஊவெ.

"ஈ" கிளை சின்னது. அஸேர் – ஈஸெ, கெரேர் – கீஸெ, வெனீர் – வீனெ.

மூன்றாவது "ஹ" கிளை. தெஸீர் – தீஹெ, த்ரயேர் – த்ராஹெ, கொந்துஸீர் – கொந்தூஹெ. கொந்துஸீரைப் போலவே முடியும் த்ரதுஸீர், ப்ரொதுஸீர், ரெதுஸீர் எல்லாம் கூடவே வந்துவிடும். இந்தக் கிளையில் ஒரே ஒரு வித்தியாசம், "அவர்கள்" என்பதற்கு -இயேரொன் வராது, -ஏரொன் வரும். திஹேரொன், த்ரஹேரொன். இதைத் தப்பாகச் சொன்னால் இங்கே உடனே காது சிவக்கும்.

நீங்கள் கண்டுபிடித்த அழுத்த விஷயம்தான் இதற்குச் சாவி. ஒழுங்கான வினையில் நான், அவர் இரண்டுக்கும் அழுத்தம் கடைசியில்: அப்லே, அப்லோ. இந்தக் குடும்பத்தில் அதே இரண்டுக்கும் அழுத்தம் முன்னால்: தூவெ, தூவொ. மற்ற நபர்களுக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான். அதாவது உங்கள் வாய் பழக வேண்டியது ஒரு குடும்பத்துக்கு இரண்டே இடம்.

---

பட்டியல் பக்தன் | திங்கள், காலை 7:05

இவ்வளவு யோசிக்க வேண்டாம் என்பது என் கருத்து. நானும் ஏ2 எழுதித் தேறியவன். தினமும் காலையில் ஒரு வினை, ஆறு வடிவமும் இருபது முறை எழுதினேன், மூன்று வாரத்தில் முடிந்தது. வாய்ப்பாடு எப்படிப் படித்தோம்? பதினாறாம் வாய்ப்பாட்டுக்கு யாராவது குடும்பம், கிளை எல்லாம் பார்த்தார்களா? எழுதுங்கள், வரும்.

---

இன்வாய்ஸ்காரி | திங்கள், இரவு 8:30

வலென்சியா அண்ணா, மிக்க நன்றி. கிளை பிரித்ததே பாதி பாரம் குறைந்த மாதிரி இருக்கிறது. பட்டியல் பக்தன் சார், நானும் எழுதினேன், எழுதும்போது வருகிறது. ஃபோனில் மறுபக்கம் ஒருவர் காத்திருக்கும்போது வரவில்லை. என் பிரச்சினை அந்த இரண்டு நொடிதான்.

---

ஓய்வுபெற்ற தமிழாசிரியை | திங்கள், இரவு 9:55

முப்பத்தோரு வருடம் பள்ளியில் தமிழ் இலக்கணம் சொல்லிக்கொடுத்தவள் நான். மகன் மெக்சிகோவில் மொந்தெர்ரேயில் இருக்கிறான், மருமகள் அந்த ஊர்ப் பெண். பேரனோடு பேச வேண்டும் என்பதற்காக அறுபத்திரண்டு வயதில் ஸ்பானிஷ் ஆரம்பித்தேன். அதனால் இந்த இழையைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை.

அம்மா இன்வாய்ஸ்காரி, "மூல வினையின் முகமே தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களை ஒன்று கேட்கிறேன். நில் என்றால் நின்றேன். செல் என்றால் சென்றேன், வெல் என்றால் வென்றேன். சரி. வில் என்றால்? வின்றேன் இல்லை, விற்றேன். கல் என்றால் கற்றேன். சொல் என்றால் சொன்றேனும் இல்லை, சொற்றேனும் இல்லை, சொன்னேன். எல்லாம் ஒரே "ல்"லில்தான் முடிகின்றன. இதை எந்தக் கட்டத்தில் வைத்துப் படித்தீர்கள்? தமிழ் படிக்க வந்த வெளிநாட்டுக்காரர் யாரையாவது கேட்டுப் பாருங்கள், நம் இறந்தகாலத்தைப் பற்றி ஒரு பாட்டம் அழுவார்.

இன்னொன்று. பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் படித்தோமே, நினைவிருக்கிறதா? வந்தேன் = வா + த் + த் + ஏன். வா, "வ" எனக் குறுகியது விகாரம். முதல் த், ந் ஆனது விகாரம். நடுவில் உள்ள த் காலம் காட்டும் இடைநிலை. ஏன் விகுதி. அதே கத்தியை எடுத்துக்கொண்டு தூவெயை வெட்டினேன். விகுதி "எ", நான் என்று காட்டுகிறது. இடைநிலை எங்கே என்று தேடினேன், இல்லை. அப்படியானால் காலத்தைக் காட்டுவது எது? தெனேர் என்பது "தூவ்" என்று உருமாறியதே காலத்தைக் காட்டிவிடுகிறது.

இது நமக்குப் புதிதே இல்லை. விடு – விட்டேன், பெறு – பெற்றேன், புகு – புக்கான். இங்கேயும் தனி இடைநிலை கிடையாது. பகுதியின் ஒற்று இரட்டித்தே இறந்தகாலம் காட்டும் என்று நன்னூல் வழியில் பாடம் நடத்தியிருக்கிறேன். ஸ்பானிஷின் இந்தக் குடும்பமும் அதே வேலையைத்தான் செய்கிறது, பகுதியே திரிந்து காலம் காட்டுகிறது. தூவ் என்று காதில் விழுந்த கணமே நேற்று என்று தெரிந்துவிடும், அப்புறம் வருவது யார் என்பது மட்டும்தான். எனக்கு இது புரிந்த ராத்திரி தூக்கம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

ஜூலியஸ் சீசர் சொன்னதாகச் சொல்லப்படும் மூன்று சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் வந்தேன், கண்டேன், வென்றேன். ஸ்பானிஷில் வீனெ, வீ, வென்ஸீ. வீனெ நம் குடும்பத்து வினை, அழுத்தம் முன்னால். வீ ஓரசை வினை. வென்ஸீ முழுக்க ஒழுங்கான வினை, அழுத்தம் கடைசியில். மூன்று சொல்லில் மூன்று வகை. நான் சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

இன்னொரு வசதி கவனித்தீர்களா? "நான்" என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. வந்தேன் என்றால் போதும், வீனெ என்றால் போதும். விகுதியில் ஆள் ஒளிந்திருக்கும் பழக்கம் நமக்குப் பிறவியிலேயே உண்டு.

பேரனுக்கு நாலு வயது. "இதை யார் செய்தது?" என்று அம்மா கேட்டால் "அஸீ" என்பான். ஈஸெ என்று சொல்ல வேண்டும். அவன் யாரிடமும் கேட்டு அப்படிச் சொல்லவில்லை, ஒழுங்கான வினைகளின் விதியைத் தானே கண்டுபிடித்துப் போடுகிறான். மருமகள் திருத்துவதில்லை. "ஓ, நீயா ஈஸிஸ்தெ?" என்று சரியான வடிவத்தில் திருப்பிக் கேட்பாள், அவ்வளவுதான். ஒரு வாரத்தில் இருபது முறையாவது அந்தச் சொல் அவன் காதில் விழும்.

---

வலென்சியாவில் ஒருவன் | திங்கள், இரவு 10:20

டீச்சர், விட்டேன் பெற்றேன் உதாரணத்துக்காகவே இந்த இழையைச் சேமித்து வைத்துக்கொள்கிறேன். ஒரே ஒரு சின்னத் திருத்தம், ஈஸிஸ்தெ இல்லை, இஸீஸ்தெ. "நீ" என்று வரும்போது அழுத்தம் விகுதிக்குப் போய்விடும்.

---

ஓய்வுபெற்ற தமிழாசிரியை | செவ்வாய், காலை 6:10

ஆமாம், இஸீஸ்தெ. நன்றி தம்பி. கற்பது நிற்கவே கூடாது.

---

புதுவைப் பையன் | செவ்வாய், மாலை 5:45

புதுச்சேரியில் மொழியியல் படிக்கிறேன். பள்ளியில் பிரெஞ்சு எடுத்தேன், அதனால் ஸ்பானிஷ் பக்கம் வந்தபோது இந்த வடிவங்கள் பழக்கப்பட்டவையாகத் தெரிந்தன. ஒரு வித்தியாசம், பிரெஞ்சில் இந்த இறந்தகாலம் கதைப் புத்தகத்தோடு நின்றுவிட்டது, யாரும் பேச்சில் சொல்வதில்லை. ஸ்பானிஷில் காய்கறிக் கடையிலும் இதுதான்.

ஏன் இப்படி ஆனது என்று தெரிந்தால் எனக்கு மறக்காது, உங்களில் சிலருக்கும் உதவலாம். இவை லத்தீனிலேயே வேறு மாதிரி இருந்த வினைகள். தீஹெ லத்தீனில் தீக்ஸி. பழைய ஸ்பானிஷில் "திஷெ" போல ஒலித்தது, பதினாறு பதினேழாம் நூற்றாண்டுகளில் அந்த ஷகரம் தொண்டைக்குப் போய் ஹகரம் ஆனது. வீனெ லத்தீனில் வேனி. ஈஸெ லத்தீனில் ஃபேகி, முன்னால் இருந்த ஃப ஸ்பானிஷில் தேய்ந்து போனது. டீச்சர் சொன்ன "பகுதி திரிந்து காலம் காட்டுவது" லத்தீனிலேயே தொடங்கிவிட்டது.

எனக்கு மிகவும் பிடித்தது "ஊவெ" கதை. அவேர் என்பதன் இறந்தகாலம் லத்தீனின் ஹபுயியிலிருந்து பழைய ஸ்பானிஷில் "ஓவெ" என்று ஆனது. அவேரும் தெனேரும் பொருளில் நெருங்கிய வினைகள், இரண்டுக்கும் வைத்திருப்பது என்ற அர்த்தம். தெனேர் பக்கத்து வீட்டைப் பார்த்து "தோவெ" என்று மாறிக்கொண்டது. எஸ்தாருக்கு முன்பு "எஸ்தீதெ" என்றொரு வடிவம் இருந்தது. அதுவும் இந்தப் பக்கம் சாய்ந்து எஸ்தூவெ ஆனது, அந்தாரும் அப்படியே. ஆக வலென்சியா அண்ணா சொன்ன குடும்பத்தில் பாதிப் பேர் பிறப்பால் வந்தவர்கள், மீதிப் பேர் சம்பந்தம் செய்துகொண்டு வந்தவர்கள்.

ஃபுய் கதையும் இப்படித்தான். இருத்தல் என்ற ஸேருக்கும் போதல் என்ற ஈருக்கும் இறந்தகாலம் ஒன்றே: ஃபுய், ஃபுயீஸ்தெ, ஃபுவே, ஃபுயீமொஸ், ஃபுயீஸ்தெய்ஸ், ஃபுவேரொன். லத்தீனில் அது இருத்தலின் வடிவம். போதல் தன் பழைய இறந்தகாலத்தை இழந்துவிட்டு அதைக் கடன் வாங்கியது. ஒரே பட்டியலில் இரண்டு வினை கிடைக்கிறது, மகிழ்ச்சியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

---

பட்டியல் பக்தன் | செவ்வாய், இரவு 7:30

படிக்க நன்றாக இருக்கிறது தம்பி, மறுக்கவில்லை. ஆனால் லத்தீன் ஹபுயி தெரிந்தால் ஃபோனில் தூவொ வந்துவிடுமா? இன்வாய்ஸ்காரியின் கேள்வி அந்த இரண்டு நொடி பற்றி. பயிற்சி ஒன்றுதான் அதற்குப் பதில்.

---

புதுவைப் பையன் | செவ்வாய், இரவு 7:52

வந்துவிடாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காரணமில்லாத பட்டியல் என் மனதில் ஒட்டாது. ஒட்டிய பிறகுதான் பயிற்சிக்கே போக முடிகிறது. ஒவ்வொருவர் மனதும் ஒவ்வொரு விதம்.

---

குவாதலஹாரா | புதன், காலை 8:15

மெக்சிகோவில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். மேலே யாரும் தொடாத இரண்டு விஷயம்.

முதலாவது, -ஈஸ்தெய்ஸ் என்ற விகுதியை இப்போதைக்கு அப்படியே வைத்துவிடுங்கள். ஸ்பெயினில் நண்பர்கள் கூட்டத்தைப் பார்த்து "நீங்கள்" என்று சொல்ல அது வேண்டும். லத்தீன் அமெரிக்கா முழுக்க அதற்கும் -இயேரொன்தான். உங்கள் வாடிக்கையாளர்கள் கொலம்பியா, மெக்சிகோ என்றால் ஆறு வடிவம் ஐந்தாகிவிடும். கூடவே, இங்கே "இன்றைக்குச் சாப்பிட்டேன்" என்பதற்கும் கொமீதான். ஸ்பெயினில் பெரும்பாலான ஊர்களில் இன்று நடந்ததற்கு "ஏ கொமீதொ" என்று இரண்டு சொல் வடிவம் போடுவார்கள். ஆகவே இங்கே இந்தக் கடினமான வினைகள் ஒரு நாளில் இன்னும் அதிக முறை காதில் விழும். படிக்கிறவருக்கு அது லாபம்.

இரண்டாவதுதான் முக்கியம். இந்த வினைகளில் சிலவற்றுக்கு இறந்தகாலத்தில் பொருளே சற்று நகரும். பட்டியலில் அது தெரியாது. "ஸவீயா" என்றால் எனக்குத் தெரிந்திருந்தது. "ஸூப்பெ" என்றால் எனக்குத் தெரியவந்தது, அந்த நிமிடத்தில். "நோ கெரீயா" என்றால் விருப்பமில்லாமல் இருந்தேன். "நோ கீஸெ" என்றால் மாட்டேன் என்றுவிட்டேன். "பொதீயா" என்றால் செய்திருக்க முடியும், செய்தேனா இல்லையா தெரியாது. "பூதெ" என்றால் முடிந்தது, செய்துவிட்டேன்.

எனக்கு இது உறைத்த இடம் ஒரு மருத்துவமனை வராந்தா. நண்பரின் அப்பா இறந்துவிட்டார். "உங்களுக்கு எப்போது தெரியும்?" என்று அவர் அண்ணன் கேட்டார். நான் "ஸவீயா ஆயேர்" என்றேன். நேற்றே எனக்குத் தெரிந்திருந்தது, பேசாமல் இருந்தேன் என்பது போல அது விழுந்தது. அவர் முகம் மாறியதைப் பார்த்து "ஸூப்பெ, ஸூப்பெ ஆயேர்" என்று திருத்தினேன். உடனே என் தோளில் கை வைத்தார். அன்றிலிருந்து ஸூப்பெ எனக்கு மறந்ததே இல்லை.

---

வலென்சியாவில் ஒருவன் | புதன், மதியம் 1:30

பொருள் நகர்வது பற்றிச் சொன்னது முழுக்க உண்மை. -ஈஸ்தெய்ஸை விட்டுவிடலாம் என்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. அவருக்கு ஸ்பெயினிலும் வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். பேசத் தேவைப்படாமல் போகலாம், ஆனால் "செவ்வாய்க்கிழமை அனுப்பினீர்களா?" என்று அவர்கள் கேட்கும்போது காது அதைப் பிடிக்க வேண்டும். கேட்டறியும் அளவுக்காவது தெரிந்திருக்கட்டும்.

இன்னொன்று, ஸ்பெயின் முழுவதும் ஒன்றில்லை. கலீசியா, அஸ்தூரியாஸ், கனாரித் தீவுகளில் இன்று சாப்பிட்டதற்கும் கொமீ என்றுதான் சொல்வார்கள்.

---

பழைய புத்தகம் | புதன், இரவு 9:00

சின்னச் சந்தேகம். நடைபாதைக் கடையில் வாங்கிய ஒரு பழைய ஸ்பானிஷ் புத்தகத்தில் ஃபுவே, தியோ, வியோ மூன்றுக்கும் கடைசி எழுத்தின் மேல் அழுத்தக் கோடு இருக்கிறது. என் புதிய புத்தகத்தில் இல்லை. எது சரி?

---

புதுவைப் பையன் | புதன், இரவு 9:25

புதியதுதான். ஓரசைச் சொல்லில் அழுத்தம் வேறெங்கும் போக முடியாது, எனவே கோடு தேவையில்லை. ஸ்பானிஷ் மொழிக் கழகம் 1952ல் புதிய எழுத்து விதிகளைக் கொண்டுவந்தது, 1959 முதல் அவை கட்டாயமாயின. உங்கள் புத்தகம் அதற்கு முன்பு அச்சானதாக இருக்கும்.

தூவெ, ஈஸொ போன்றவற்றுக்கும் கோடு கிடையாது. அழுத்தம் கடைசிக்கு முந்தைய அசையில், அது இயல்பான இடம். அப்லே, அப்லோவுக்குத்தான் கோடு. எழுதும்போது இதை வைத்தே இரண்டு கூட்டத்தையும் பிரிக்கலாம்.

---

இன்வாய்ஸ்காரி | வியாழன், இரவு 8:45

மூன்று நாளாக இந்த இழையைத்தான் பேருந்தில் படித்துக்கொண்டு போகிறேன். இப்போது அடுத்த சந்தேகம். பெதீர் – பெதீ, ஆனால் அவர் என்றால் பிதியோ. தொர்மீர் – தொர்மீ, ஆனால் துர்மியோ. புஸ்கார் – புஸ்கே, அதில் எழுத்து வேறு மாறுகிறது. இதெல்லாம் எந்தக் கிளை?

---

வலென்சியாவில் ஒருவன் | வியாழன், இரவு 9:30

புஸ்கேயை இந்தக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். ஒலி மாறவில்லை, அந்த ஒலியைக் காப்பாற்ற எழுத்துதான் மாறுகிறது. யெகார் – யெகே, எம்பெஸார் – எம்பெஸே எல்லாம் அப்படித்தான். காதுக்கு அவை ஒழுங்கான வினைகள்.

பெதீர், தொர்மீர் தனி வீடு. "-ஈர்" என்று முடியும் வினைகளில் மட்டும் வரும், அவர், அவர்கள் இரண்டுக்கு மட்டும் வரும். எ இ ஆகும், ஒ உ ஆகும். பிதியோ, ஸின்தியோ, ஸிர்வியோ, துர்மியோ, முரியோ. அழுத்தம் ஒழுங்கான வினை போலவே கடைசியில். நிகழ்காலத்தில் மாறும் எல்லா வினையும் இறந்தகாலத்தில் மாறும் என்று நினைத்துவிடாதீர்கள். பென்ஸார், வொல்வேர் இரண்டும் இறந்தகாலத்தில் சாதுவாக பென்ஸே, வொல்வியோ என்றுதான் வரும்.

தார் (கொடுத்தல்) ஒரு வேடிக்கை. பார்த்தால் "-ஆர்" வினை, ஆனால் விகுதி மறு கூட்டத்தது: தீ, தீஸ்தெ, தியோ. வேர் (பார்த்தல்) என்ற வினையும் அதே: வீ, வீஸ்தெ, வியோ. இரண்டையும் ஜோடியாகச் சொல்லிப் பழகுங்கள்.

இன்னொரு வழி, தினமும் ஸ்பானிஷ் செய்தித்தாளின் தலைப்புகளை மட்டும் வாசியுங்கள். தெனேர் தன் பிள்ளைகளோடு வரும்: காவல்துறை ஒருவரை "தெதூவொ", அணி வெற்றியை "ஒப்தூவொ", அமைச்சர் "மன்தூவொ". பொனேரின் பிள்ளை "ப்ரொபூஸொ". வெனீரின் பிள்ளை "இன்தெர்வீனொ". ஒரு தாயைத் தெரிந்தால் பிள்ளைகள் எல்லோரும் அடையாளம் தெரிவார்கள்.

---

குவாதலஹாரா | வெள்ளி, காலை 7:50

அந்த இரண்டு நொடிக்கு நான் செய்தது இது. இரவு படுக்கும் முன் அன்றைய நாளை ஐந்து வாக்கியத்தில் சத்தமாகச் சொல்வேன். எங்கே போனேன், என்ன செய்தேன், யார் வந்தார், என்ன சொன்னார், என்ன முடிந்தது. ஃபுய், ஈஸெ, வீனொ, தீஹொ, பூதெ. எந்த நாளாக இருந்தாலும் இந்த ஐந்தும் வந்தே தீரும். இவை பேச்சில் அதிகம் புழங்குவதால்தான் இத்தனை நூற்றாண்டும் தங்கள் பழைய உருவத்தை விடாமல் வைத்திருக்கின்றன. புழக்கம் குறைந்தவற்றைப் பாருங்கள். "அந்தூவெ" என்று சொல்ல வேண்டிய இடத்தில் ஸ்பானிஷைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே "அந்தே" என்பதை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். இங்கே கிராமப்புறத்தில் த்ராஹெவுக்குப் பதிலாக "த்ரூஹெ" கேட்கும், அது பிழையாகப் புதிதாய் முளைத்தது இல்லை, பழைய ஸ்பானிஷ் வடிவம். தேர்வில் மட்டும் எழுதிவிடாதீர்கள்.

---

பட்டியல் பக்தன் | வெள்ளி, காலை 8:20

படுக்கும் முன் ஐந்து வாக்கியம் நல்ல யோசனை. நான் செய்ததில்லை. இன்று ஆரம்பிக்கிறேன். பட்டியலையும் விட மாட்டேன்.

---

இன்வாய்ஸ்காரி | ஞாயிறு, இரவு 9:40

குவாதலஹாரா அண்ணா சொன்னபடி இரண்டு நாளாகச் சொல்கிறேன். இன்று எழுதியும் பார்த்தேன். தயவுசெய்து திருத்துங்கள்.

"எல் வியேர்னெஸ் தூவெ மூச்சொ த்ரவாஹொ. வீனொ லா ஹேஃபா இ தீஹொ: ஃபால்தா ஊனா ஃபக்தூரா. ஈஸெ த்ரேஸ் யமாதாஸ். எல் க்லியேன்தெ பகோ பொர் ஃபீன். அ லாஸ் ஸேய்ஸ் ஃபுய் அ லா ப்லாயா இ அந்தே ஊனா ஓரா."

வெள்ளிக்கிழமை நிறைய வேலை இருந்தது. மேலாளர் வந்து ஒரு பில் குறைகிறது என்றார். மூன்று ஃபோன் செய்தேன். வாடிக்கையாளர் ஒருவழியாகப் பணம் கட்டினார். ஆறு மணிக்குக் கடற்கரைக்குப் போய் ஒரு மணி நேரம் நடந்தேன்.

---

வலென்சியாவில் ஒருவன் | ஞாயிறு, இரவு 10:15

தூவெ, வீனொ, தீஹொ, ஈஸெ, ஃபுய் ஐந்தும் சரி. பகோவும் சரியான இடத்தில் நிற்கிறது! கடைசி வரியில் "அந்தே" தப்பு, "அந்தூவெ". எஸ்தூவெயின் தங்கை என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

---

குவாதலஹாரா | ஞாயிறு, இரவு 10:32

மெக்சிகோவில் அந்த இடத்தில் "கமினே ஊனா ஓரா" என்போம். கமினார் ஒழுங்கான வினை, தடுமாற்றமே இல்லை. வாடிக்கையாளரிடம் அதைச் சொல்லுங்கள், தேர்வில் அந்தூவெ எழுதுங்கள்.

---

ஓய்வுபெற்ற தமிழாசிரியை | திங்கள், காலை 6:20

நேற்று பேரனோடு வீடியோவில் பேசினேன். கட்டையில் வீடு கட்டி வைத்திருந்தான். யார் கட்டியது என்று கேட்டேன். "யோ லொ ஈஸெ, அபுவேலா" என்றான். மருமகள் அந்தப் பக்கம் சிரித்தாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

---

இன்வாய்ஸ்காரி | செவ்வாய், மாலை 6:50

டீச்சர், உங்கள் பேரனின் வாக்கியத்தைப் பேருந்தில் படித்துவிட்டு அலுவலகம் போனேன். பதினோரு மணிக்கு பொகொதாவிலிருந்து ஃபோன். ஒரு பில்லில் தேதி திருத்தப்பட்டிருந்தது, "கியேன் லொ ஈஸொ?" என்று கேட்டார்கள், யார் செய்தது என்று. திருத்தியது நான்தான். "லொ ஈஸெ யோ" என்றேன். யோசிக்கவே இல்லை. ஃபோனை வைத்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று கவனித்தேன்.